ஈக்வலைசர் ஏபிஓ ரிவ்யூ: சாஃப்ட்வேர மாத்தினா சவுண்டு மாறுமா?

முதல்லயே தீர்ப்ப சொல்லிடறேன். கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர் செட்டிங் மாத்தி பாட்டோட சவுண்ட நல்லாக்க முடியும், நல்லாவே முடியும், விண்டோஸ்ல அதுக்கு நான் பாத்த வரைக்கும் பெஸ்ட்டு ஈக்வலைசர் ஏபிஓ தான், பேஸ், ட்ரெபிள்னு சவுண்டோட ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியா ஏத்தி எறக்கற சாஃப்ட்வேர், ஃப்ரீ, ஓப்பன் சோர்ஸ், சோர்ஸ்ஃபோர்ஜ்ல கெடைக்குது. அதே நேரம் ஆடியோ ஆப்டிமைசர்னு காசுக்கு விக்கிற ஒரு வகை சாஃப்ட்வேர் இருக்கு, விண்டோஸ் சர்வீஸ எல்லாம் நிறுத்தி, ப்ராசஸ் ப்ரையாரிட்டிய ஏத்தி, பாட்ட ரேம்ல வெச்சு ப்ளே பண்ணி சவுண்ட தெளிவாக்குதுன்னு சொல்லுவாங்க. அதுல ஒண்ண லைசன்ஸ் வாங்கி என் லேப்டாப்ல போட்டு பாத்தேன், பேர் வேணாம், சவுண்டுல துளி மாற்றம் வரல. ஏன் வரல, எப்படி செக் பண்ணேன், ஈக்வலைசர் ஏபிஓ மட்டும் எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சம் விரிவாவே எழுதறேன், ஏன்னா இந்த விஷயத்துல நம்ம ஆளுங்க சம்பாதிச்ச காசு நெறைய வீணா போகுது, அது எனக்கு நெஜமாவே வருத்தம்.

என்கிட்ட இருக்கறது விண்டோஸ் 11 லேப்டாப், ஒரு சின்ன யூஎஸ்பி டிஏசி டோங்கிள் (டிஜிட்டல் டேட்டாவ ஹெட்ஃபோனுக்கு ஏத்த சிக்னலா மாத்தற கருவி), ஒரு க்ளோஸ்டு பேக் (பின்பக்கம் மூடின) ஹெட்ஃபோன், ரெண்டாயிரத்துக்குள்ள வாங்கின ஒரு ஐஈஎம் (காதுக்குள்ள சொருகற இயர்ஃபோன்), அப்புறம் பத்துக்கு பன்னெண்டு அடி ரூம்ல ரெண்டு ஆக்டிவ் ஸ்பீக்கர் (ஆம்ப்ளிஃபையர் உள்ளயே இருக்கறது). கேக்கறது பாதி கச்சேரி ரெக்கார்டிங், மீதி எண்பதுகளோட இளையராஜா, தொண்ணூறுகளோட ரஹ்மான். பெரிய லட்ச ரூபா செட்டப் கெடையாது, இந்த ரிவ்யூ படிக்கிற முக்கால்வாசி பேர்கிட்ட இருக்கற மாதிரி தான்.

ஆப்டிமைசர முதல்ல முடிச்சிடுவோம். சிடி குவாலிட்டி பாட்டுன்னா ஒரு செகண்டுக்கு 44,100 சாம்பிள் (அந்த கணத்துல சவுண்டு அலை எவ்ளோ உயரம்னு சொல்ற ஒரு எண்), ஒவ்வொண்ணும் 16 பிட்டு, ரெண்டு சேனல், கணக்கு போட்டா செகண்டுக்கு 14 லட்சத்து 11 ஆயிரத்து 200 பிட்டு, அதாவது ஒரு 176 கிலோபைட் தான். இப்ப வர்ற எந்த லேப்டாப்புக்கும் இது ஒரு வேலையே இல்ல, பேக்ரவுண்டுல ப்ரவுசர்ல இருபது டேப் ஓடினாலும் இந்த 176 கிலோபைட்ட நேரத்துக்கு கொண்டு போய் சேத்துடும். போதாததுக்கு விஸ்டா காலத்துல இருந்தே விண்டோஸ்ல மல்டிமீடியா க்ளாஸ் ஷெட்யூலர்னு ஒரு சர்வீஸ் இருக்கு, ஆடியோ த்ரெட்டுக்கு மத்ததவிட முன்னுரிமை குடுக்கறது தான் அதோட வேலையே, ஆப்டிமைசர் புதுசா செய்யறேன்னு சொல்றதுல பெரும்பகுதி ஏற்கனவே உள்ள நடந்துட்டு இருக்கறது தான்.

சரி, டேட்டா நேரத்துக்கு போய் சேரலன்னா என்ன ஆகும்? இத தான் எல்லாரும் நல்லா புரிஞ்சுக்கணும். டேட்டாவ முன்கூட்டியே சேத்து வெக்கிற பஃபர் காலியாகும், பாட்டு ஒரு கணம் அறும், டப்புனு ஒரு க்ளிக் சத்தம் இல்ல கரகரன்னு ஒரு க்ராக்கிள் வரும். டிஜிட்டல்ல தப்பு நடந்தா இப்படி தான் காதுல விழும். பாடகரோட குரல் ஒரு அடி பின்னாடி போற மாதிரி, ஸ்டேஜ் கொஞ்சம் குறுகின மாதிரி, வயலின் மேல ஒரு மெல்லிசு திரை விழுந்த மாதிரி எல்லாம் ஆகாது, அதுக்கு சாம்பிளோட மதிப்பே மாறணும், ப்ரையாரிட்டிய ஏத்தினா சாம்பிள் மதிப்பு மாறாது. டைமிங், ஜிட்டர் (சாம்பிள் வெளிய போற நேரத்துல வர்ற சின்ன தடுமாற்றம்)னு ஒரு வாதம் வரும், இப்ப வர்ற யூஎஸ்பி டிஏசில பெரும்பாலானது அசிங்க்ரனஸ் முறைல ஓடுது, அதாவது டிஏசி தன்னோட சொந்த க்ளாக்க வெச்சு தனக்கு வேணுங்கற வேகத்துல கம்ப்யூட்டர்கிட்ட டேட்டாவ கேட்டு வாங்குது, ஒவ்வொரு சாம்பிளும் எந்த கணத்துல வெளிய போகணும்னு முடிவு பண்றது டிஏசிக்குள்ள இருக்கற க்ரிஸ்டல், நம்ம விண்டோஸ் இல்ல.

வெறும் வாதமா மட்டும் விட்டுடக்கூடாதுன்னு செக் பண்ணேன். ஃபூபார்2000ங்கற ப்ளேயர்ல ஒரு ஃப்ளாக் (தகவல் எதையும் இழக்காம சுருக்கின பாட்டு) ஃபைல ப்ளே பண்ணி, அத ஆடாசிட்டிங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல லூப்பேக் மூலமா, அதாவது கம்ப்யூட்டர் வெளிய அனுப்பற சவுண்டையே திரும்ப உள்ள எடுத்து ரெக்கார்டு பண்ணேன், ஒரு தடவை ஆப்டிமைசர் ஆஃப், ஒரு தடவை ஆன். ரெண்டையும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா போட்டு, சாம்பிள் சாம்பிளா தெரியற அளவுக்கு ஜூம் பண்ணி, முதல் மிருதங்க அடி ரெண்டுலயும் ஒரே புள்ளில வர்ற மாதிரி நகத்தி, ஒண்ண இன்வெர்ட் பண்ணி (அலைய தலைகீழா புரட்டி) ரெண்டையும் மிக்ஸ் பண்ணேன். ரெண்டும் ஒண்ணுன்னா ஒண்ண ஒண்ணு அடிச்சுட்டு சைலன்ஸ் வரணும், வந்துச்சு, நேர்கோடு. இந்த டெஸ்ட்டு எவ்ளோ நுணுக்கம்னு தெரிஞ்சுக்க ஒரு டிராக்க வெறும் 0.1 டெசிபல் மட்டும் கொறச்சுட்டு மறுபடி கழிச்சு பாருங்க, காதால கண்டுபிடிக்கவே முடியாத வித்தியாசம் அது, ஆனா கழிச்சா மிச்சமா முழு பாட்டும் ஏறக்குறைய 39 டெசிபல் கீழ மெல்லிசா ஓடிட்டு இருக்கும். அவ்ளோ துல்லியமான தராசுல வெச்சும் ஆப்டிமைசர் போட்டதுக்கும் போடாததுக்கும் எதுவுமே தெரியல.

இதுக்கு ஆப்டிமைசர் ஆதரவாளர்கள் சொல்ற பதில் ஒண்ணு இருக்கு, அது முழுசா தப்பு இல்லங்கறதால அதையும் நேர்மையா பாக்கணும். டேட்டா ஒண்ணாவே இருக்கட்டும், ஆனா ப்ராசசர் வேலை செய்யும்போது வர்ற எலக்ட்ரிகல் நாய்ஸ் யூஎஸ்பி கேபிள் வழியா டிஏசிக்கு போகுதேன்னு கேப்பாங்க. போகலாம், சில செட்டப்ல போகுது, மதர்போர்டு ஜாக்குல ஹெட்ஃபோன் போட்டு மவுஸ நகத்தினா கிர்ர்னு கேக்கறத நீங்களே கேட்டிருப்பீங்க. நம்ம ஊர்ல இன்னும் சகஜம் எர்த் பிரச்சனை, லேப்டாப் சார்ஜர் போட்டா ஸ்பீக்கர்ல ஹம்முன்னு சத்தம், சார்ஜர புடுங்கினா நின்னுடும், ப்ளக் பாயிண்ட்ல எர்த் சரியா இருக்காது இல்லன்னா க்ரவுண்டு லூப்பு (ரெண்டு கருவியோட எர்த்தும் சேந்து ஒரு வளையமாகறது). ஆனா இதெல்லாம் பாட்டு ஓடாதப்பவே காதுல விழற சத்தம், இதுக்கு வைத்தியம் வயர்லயும் ப்ளக்குலயும் இருக்கு, எலக்ட்ரிஷியன கூப்பிட்டு எர்த்த பாக்க சொல்லலாம், யூஎஸ்பி ஐசோலேட்டர் (நாய்ஸ் தாண்டாம தடுக்கற சின்ன கருவி) போடலாம், ஒரு டோங்கிள் வாங்கினா மதர்போர்டு இரைச்சல் போயிடும். விண்டோஸ் சர்வீஸ நிறுத்தி இத சரி பண்றது நடக்காத காரியம்.

க்ராக்கிள் வருதுன்னா அது வேற கதை, அதுக்கு சாஃப்ட்வேர்ல தான் வைத்தியம். லேட்டன்சிமான்னு ஒரு ப்ரோக்ராம் இருக்கு, பாட்ட போட்டுட்டு அத கொஞ்ச நேரம் ஓட விட்டா எந்த ட்ரைவர் சிபியுவ ரொம்ப நேரம் பிடிச்சு வெச்சிருக்குன்னு காட்டிடும், அடிக்கடி மாட்டறது வைஃபை ட்ரைவர் இல்லன்னா பவர் சேவிங் சமாச்சாரம். அந்த ட்ரைவர அப்டேட் பண்ணுங்க, பவர் ப்ளான மாத்துங்க, தீந்துடும், அதுக்கும் காசு இல்ல.

காது ஏமாறுமான்னா ஏமாறும், எல்லார் காதும், அது மனுச மூளையோட இயல்பு. ஒரு டெசிபல் சத்தம் கூடினா நமக்கு சத்தம் கூடினதா தோணாது, சவுண்டு தெளிவானதா, பேஸ் நெறஞ்சதா தோணும். அதனால எந்த டுவீக்கையும் வால்யூம் சமமா வெச்சு, எது ஆன் எது ஆஃப்னு தெரியாம கேக்கணும். என் தம்பிய லேப்டாப் முன்னாடி உக்கார வெச்சு, நான் திரும்பி உக்காந்துட்டேன், அவன் பாட்டுக்கு ஆப்டிமைசர ஆன் ஆஃப் பண்ணி பேப்பர்ல குறிச்சுக்கிட்டான். "அண்ணே சும்மா ஒரு கெஸ்ஸாவது சொல்லுண்ணே"ன்னு அவன் கேக்கற நெலமைல தான் ரிசல்ட் இருந்துச்சு, காசு சுண்டி விட்டு சொன்னா எவ்ளோ சரியா வருமோ அவ்ளோ தான் வந்துச்சு. தனியா இருக்கறவங்க ஃபூபார்ல ஏபிஎக்ஸ் கம்பேரட்டர்னு ஒரு காம்பொனென்ட் இருக்கு, அத போடுங்க, ரெண்டு ஃபைல குடுத்தா அதுவே மறைச்சு மறைச்சு ப்ளே பண்ணும், 16ல 12 சரியா சொன்னீங்கன்னா அது தற்செயலா நடக்க 4 சதவீதத்துக்கும் கம்மி வாய்ப்பு தான், அப்ப உங்க காதுக்கு ஏதோ நெஜமாவே தெரியுதுன்னு நம்பலாம். 8, 9 வந்தா அந்த வித்தியாசத்துக்கு காசு குடுக்காதீங்க.

இப்ப விஷயத்துக்கு வருவோம், ஈக்வலைசர் ஏபிஓ. ஏபிஓன்னா ஆடியோ ப்ராசசிங் ஆப்ஜெக்ட், விஸ்டால இருந்து விண்டோஸ் ஆடியோ எஞ்சினுக்குள்ள சவுண்ட மாத்தறதுக்குன்னே விட்டிருக்கற ஒரு எடம், அந்த எடத்துல போய் உக்காந்துக்குது இந்த சாஃப்ட்வேர். அதனால யூடியூப், ஸ்பாட்டிஃபை, விஎல்சி, கேம் எதுல இருந்து சத்தம் வந்தாலும் பொதுவா இதோட வழியா தான் போகணும் (விதிவிலக்க குறைகள்ல சொல்றேன்). ஆப்டிமைசர் மாதிரி இல்லாம இது சாம்பிளோட மதிப்ப மாத்துது, அதனால தான் சவுண்டு மாறுது, அதனால தான் நல்லாவும் ஆக்கலாம், கெடுக்கவும் செய்யலாம்.

ஏன் மாத்தணும்னு கேப்பீங்க, ஒரிஜினல் சவுண்டு தானே வேணும்னு. ஒரிஜினல் சவுண்டு உங்க காதுக்கு வர்றதே இல்லங்க, அது தான் பிரச்சனை. டிஏசி, ஆம்ப், கேபிள் எல்லாம் இன்னைக்கு ஆயிரம் ரூபாய்க்கே கிட்டத்தட்ட நேர்கோடா வேலை செய்யுது, ஆனா ஹெட்ஃபோனும் ஸ்பீக்கரும் அப்படி இல்ல, ஒரு ஃப்ரீக்வென்சில 5 டெசிபல் மேல, இன்னொண்ணுல 6 டெசிபல் கீழன்னு மலையும் பள்ளமுமா தான் இருக்கும், நல்ல வெலை குடுத்து வாங்கினதுலயும் இருக்கும். ஆப்டிமைசர்காரங்க ஆயிரத்துல ஒரு பங்கு டெசிபலுக்கு சண்டை போடற எடத்துல இங்க அஞ்சும் ஆறும் டெசிபலா கெடக்குது, சாஃப்ட்வேரால சரி பண்ணக்கூடிய தப்பு இது தான்.

இன்ஸ்டால் பண்ணும்போது ஒரு விண்டோ வரும், அதுல உங்க டோங்கிள், ஸ்பீக்கர் எல்லாத்தோட பேரும் லிஸ்டா இருக்கும், எதுக்கு வேணுமோ அதுக்கு டிக் போட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். அப்புறம் எல்லாமே கான்ஃபிக்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் தான், நோட்பேடுலயே எழுதலாம். கூடவே ஒரு எடிட்டர் வருது, கீழ க்ராஃப் காட்டும். அது பிடிக்கலன்னா பீஸ்னு ஒரு ஃப்ரீ இன்டர்ஃபேஸ் தனியா இருக்கு, ஸ்லைடர் ஸ்லைடரா வெச்சு பழைய மியூசிக் சிஸ்டம் மாதிரி இருக்கும், புதுசா வர்றவங்களுக்கு அது சுலபம். எனக்கு டெக்ஸ்ட் ஃபைல் தான் பிடிச்சிருக்கு, ஒரு எண்ண மாத்தி சேவ் பண்ணா அந்த நொடியே பாட்டுல மாறும், அடுத்த எண்ண மாத்தி கேக்கலாம்.

எந்த எண்ண போடறதுன்னு தெரியலன்னா ஆட்டோஈக்யூன்னு ஒரு ப்ராஜெக்ட் இருக்கு, யாக்கோ பசானென்ங்கறவர் ஆரம்பிச்சது. பல பேர் லேப்ல செயற்கை காதுல ஹெட்ஃபோன மாட்டி எடுத்த அளவுகள எல்லாம் சேத்து வெச்சு, ஆயிரக்கணக்கான மாடலுக்கு ஃபில்டர் (குறிப்பிட்ட ஃப்ரீக்வென்சிய ஏத்தற இல்ல எறக்கற வரி) கணக்கு போட்டு வெச்சிருக்காங்க. சைட்டுக்கு போய் உங்க ஹெட்ஃபோன் பேர அடிச்சு, ஈக்வலைசர் ஏபிஓன்னு தேர்ந்தெடுத்தா ஒரு டெக்ஸ்ட் கெடைக்கும், அத அப்படியே கான்ஃபிக்ல ஒட்டலாம். எத இலக்கா வெச்சு கணக்கு போடறாங்கன்னா பெரும்பாலும் ஹார்மன் டார்கெட், ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் ஹார்மன் கம்பெனில நெறைய பேர உக்கார வெச்சு எந்த டோன் பிடிக்குதுன்னு வருஷக்கணக்குல ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்ச வளைவு அது.

என் க்ளோஸ்டு பேக்குக்கு வந்த டெக்ஸ்ட்ல முதல் வரி ப்ரீஆம்ப் (மொத்த சத்தத்தையும் முதல்லயே எறக்கறது) மைனஸ் 5 டெசிபலுக்கு மேல, அடுத்தது 105 ஹெர்ட்ஸ்ல ஒரு லோ ஷெல்ஃப் (பேஸ் பகுதிய மொத்தமா ஏத்தற இல்ல எறக்கற ஃபில்டர்), அடுத்த வரில 200 ஹெர்ட்ஸ் பக்கம் நாலு டெசிபல் கொறைக்கிற ஒரு ஃபில்டர், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் இன்னொரு கொறைப்பு, இப்படி பத்து வரி. அந்த 200 ஹெர்ட்ஸ் வரி பண்ண வேலைய தான் நான் சொல்லணும். அந்த எடத்துல என் ஹெட்ஃபோன் ஊதி போய் இருந்துச்சு, மிருதங்கத்துல தொப்பி (இடது) பக்கம் அடிச்சா எல்லாமே தும் தும்முன்னு ஒரே மாதிரி பூசி மெழுகி கேக்கும். ஃபில்டர் போட்டதுக்கப்புறம் கும்கி தனியா எந்திரிச்சு வந்துச்சு, உள்ளங்கைய தோல்ல அழுத்தி இழுக்கும்போது சுருதி கீழேந்து மேல வழுக்கிட்டு போகுமே, அது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு கேக்குது, வலந்தலைல (வலது பக்கம்) சாப்புங்கற அடி விழறது அதோட குழம்பாம தனியா கேக்குது. இளையராஜா பாட்டுல பேஸ் கிட்டார் லைன் ஒண்ணு கீழ தனியா ஒரு பாட்டு பாடிட்டே போகும், அதுவும் அப்படி தான், முன்னாடி இருக்கறது தெரியும், இப்ப ஒவ்வொரு நோட்டா கூடவே முணுமுணுக்க முடியுது. 3000 ஹெர்ட்ஸ் கொறைப்பால நாதஸ்வரம் காத குத்தறது நின்னுச்சு, கொஞ்சம் கூட வால்யூம் வெச்சு கேக்க முடியுது. இத தம்பிய வெச்சு மறைச்சு டெஸ்ட்டு பண்ணவே தேவைப்படல, ஆனா பண்ணேன், வால்யூம் சமப்படுத்தி, ஒண்ணு கூட தப்பாகல.

ப்ரீஆம்ப் வரிய யாரும் தூக்கிடாதீங்க, ரொம்ப பேர் சத்தம் கொறையுதேன்னு தூக்கிடறாங்க. டிஜிட்டல்ல பூஜ்யம் டெசிபல் தான் கூரை, அதுக்கு மேல எடமே இல்ல, இப்ப வர்ற பாட்டெல்லாம் மாஸ்டரிங்லயே அந்த கூரைய தொட்டுட்டு தான் நிக்குது. அதுல பேஸ 5 டெசிபல் ஏத்தினா அலை கூரைல முட்டும், விண்டோஸ்ல உள்ள லிமிட்டர் அத அமுக்கும், மொத்த பாட்டும் மூச்சு முட்டின மாதிரி ஆகும். அதனால எவ்ளோ ஏத்தறீங்களோ அவ்ளோ முதல்ல எறக்கணும். எறக்கினா குவாலிட்டி போகாதான்னா, 6 டெசிபல் எறக்கினா ஒரு பிட்டு போகும், உங்க டிஏசிக்கு 24 பிட்டா அனுப்பினா 16 பிட்டு பாட்டுக்கு எட்டு பிட்டு உபரியாவே இருக்கு, ஒண்ணும் ஆகாது. சவுண்டு கண்ட்ரோல் பேனல்ல டிவைஸ் ப்ராப்பர்ட்டீஸ்ல 24 பிட்டுன்னு வெச்சுட்டு, குறையற சத்தத்துக்கு வால்யூம ஏத்திக்கோங்க.

ஆட்டோஈக்யூ குடுக்கறத வேதவாக்கா எடுத்துக்கவும் வேணாம். 8000 ஹெர்ட்ஸுக்கு மேல ஒவ்வொருத்தர் காது குழாயும் வேற, ஐஈஎம்ம எவ்ளோ ஆழமா சொருகறோம்ங்கறத பொறுத்தே பீக் (சத்தம் தூக்கலா இருக்கற மேடு) நகர்ந்து போகும், லேப்ல அளந்த காதுக்கு போட்ட ஃபில்டர் நம்ம காதுல கூசலாம். என் ஐஈஎம்க்கு வந்த மேல்பக்க ஃபில்டர் ரெண்ட எடுத்துட்டேன், ஸ ஷ சத்தம் எல்லாம் சரியாயிடுச்சு. பேஸ் ஷெல்ஃபயும் உங்க ருசிக்கு ரெண்டு டெசிபல் அப்படி இப்படி மாத்திக்கலாம், அதுல தப்பே இல்ல.

ஸ்பீக்கருக்கு வந்தா கதை இன்னும் பெருசு. பன்னெண்டு அடி நீள ரூம்னா 3.66 மீட்டர், அந்த சுவத்துக்கும் இந்த சுவத்துக்கும் நடுவுல 47 ஹெர்ட்ஸ் பக்கம் அலை நின்னு ஆடும், பத்து அடி பக்கம் 56ல. நம்ம வீடு செங்கலும் கான்க்ரீட்டும் டைல்ஸும், பேஸ் எங்கயும் போக வழியில்ல, அதனால தான் ஸ்பீக்கர் வாங்கினவங்க எல்லாம் பேஸ் பொதபொதன்னு இருக்குன்னு ஸ்பீக்கர திட்டறாங்க. ரூம் ஈக்யூ விசார்டுன்னு இன்னொரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, ஒரு மெஷர்மெண்ட் மைக் வெச்சு ஸ்வீப் (கீழ் ஃப்ரீக்வென்சில இருந்து மேல வரைக்கும் ஏறற டெஸ்ட் சத்தம்) ஓட விட்டா ரூம் என்ன பண்ணுதுன்னு க்ராஃபா காட்டும், அது குடுக்கற ஃபில்டர ஈக்வலைசர் ஏபிஓல நேரா ஏத்தலாம். மேட்ட வெட்டுங்க, பள்ளத்த ரொப்ப பாக்காதீங்க, பள்ளம் வர்றது அலை ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கறதால, எவ்ளோ ஏத்தினாலும் ரொம்பாது, ஆம்ப் தான் சூடாகும். எதிரொலிய குறைக்க எந்த ஃபில்டராலயும் முடியாது, அதுக்கு கர்ட்டன், பாய், புத்தக அலமாரி தான்.

குறைன்னு பாத்தா இருக்கு. பாக்கறதுக்கு எடிட்டர் பழைய காலத்து சாஃப்ட்வேர் மாதிரி இருக்கு, முதல் தடவை தொறக்கறவங்க பயந்துடுவாங்க. வாசாபி எக்ஸ்க்ளூசிவ் மோடு, ஆசியோன்னு ப்ளேயர் சவுண்ட அனுப்பற ரெண்டு வழி இருக்கு, அதுல இது வேலை செய்யாது, ஏன்னா அந்த ரெண்டும் விண்டோஸ் எஞ்சினையே தாண்டி நேரா டிஏசிக்கு போயிடுது, அதனால ப்ளேயர்ல எக்ஸ்க்ளூசிவ்னு இருந்தா அத ஆஃப் பண்ணணும். பெரிய அப்டேட்டோ ட்ரைவர் மாத்தமோ வந்தா சில நேரம் கழண்டுக்கும், திரும்ப டிவைஸ் லிஸ்ட்ட தொறந்து டிக் போட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். விண்டோஸ்ல ஆடியோ என்ஹான்ஸ்மெண்ட்ஸ்னு ஒரு ஸ்விட்ச் இருக்கே, அத ஆஃப் பண்ணா இதுவும் சேந்து ஆஃப் ஆயிடும், என்னடா ஃபில்டரே வேலை செய்யலன்னு தவிக்கறவங்க முதல்ல அத பாருங்க.

ஈக்யூ (ஈக்வலைசர்) தவிர வேற எந்த செட்டிங் நெஜமாவே பலன் தரும்னா, ப்ளூடூத் வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு இருக்கு. ஆன்லைன் கால் பேசும்போது அந்த ஹெட்செட்டோட மைக்க லேப்டாப் எடுத்துக்கிச்சுன்னா பழைய ப்ளூடூத்ல பாட்டு உடனே மோனோவாகி டெலிஃபோன் குவாலிட்டிக்கு விழுந்துடும், அது ஹேண்ட்ஸ்ஃப்ரீ ப்ரொஃபைல். மைக்குக்கு லேப்டாப்போட சொந்த மைக்க தேர்ந்தெடுங்க, ஹெட்ஃபோன் திரும்ப ஸ்டீரியோக்கு வந்துடும். இதவிட பெரிய குவாலிட்டி ஜம்ப்ப எந்த காசு சாஃப்ட்வேரும் தராது. லேப்டாப்ல கம்பெனியே போட்டு அனுப்பற என்ஹான்ஸ்மெண்ட் சாஃப்ட்வேர ஹெட்ஃபோனுக்கு ஆஃப் பண்ணிடுங்க, ஆனா லேப்டாப் ஸ்பீக்கருக்கு விட்டுடுங்க, அந்த சின்ன ஸ்பீக்கர் அத நம்பி தான் ட்யூன் பண்ணிருக்கும், ஆஃப் பண்ணா தகரம் மாதிரி கேக்கும். ஸ்ட்ரீமிங் ஆப்ல குவாலிட்டி ஆட்டோமேட்டிக்ல கெடந்தா ஹைக்கு மாத்துங்க. சாம்பிள் ரேட்ட 44,100க்கும் 48,000க்கும் நடுவுல மாத்தறது பத்தி நெறைய சண்டை நடக்குது, இப்ப உள்ள விண்டோஸ்ல எனக்கு அதுல வித்தியாசம் தெரிஞ்சதில்ல, ஒண்ண வெச்சுட்டு மறந்துடலாம்.

அப்புறம் 24 பிட் ஃப்ளாக்னு பழைய தமிழ் பாட்டு சுத்திட்டு இருக்கே, அதுக்கு காசு கேட்டா குடுக்கறதுக்கு முன்னாடி ஸ்பெக்னு ஒரு சின்ன ஃப்ரீ ப்ரோக்ராம்ல அந்த ஃபைல போட்டு பாருங்க. படத்துல 16,000 ஹெர்ட்ஸ்ல கத்தி வெச்சு வெட்டின மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா, பெரும்பாலும் அது 128 கேபிபிஎஸ் எம்பி3ய எடுத்து ஃப்ளாக்கா மாத்தினது, ஃபைல் சைஸ் தான் ஊதியிருக்கும், எம்பி3 ஆக்கும்போது தூக்கி போட்ட தகவல் எந்த சாஃப்ட்வேர்லயும் திரும்ப வராது. நல்ல சிடி ரிப் 16 பிட்டுல கெடச்சா அதுவே தாராளம். 2007ல மேயரும் மோரனும் வெளியிட்ட ஆராய்ச்சில, எஸ்ஏசிடி (சிடிய விட நுணுக்கமா பதிஞ்ச ஒரு வகை டிஸ்க்) மாதிரி ஹை ரெசல்யூஷன் சவுண்டு நடுவுல ஒரு 16 பிட் 44,100 கட்டத்த நுழைச்சு கேக்க வெச்சாங்க, சாதாரண வால்யூம்ல யாராலயும் கண்டுபிடிக்க முடியல. எம்க்யூஏன்னு 2014ல மெரிடியன் கம்பெனி கொண்டு வந்த ஃபார்மேட்டும் இப்படி தான், ஸ்டுடியோல இருக்கற மாதிரியே கேக்கும்னு பெரிய பேச்சு, எம்க்யூஏன்னே பேர் வெச்ச கம்பெனி 2023ல திவால் நடவடிக்கைக்கு போச்சு, டைடல்ங்கற ஸ்ட்ரீமிங் சர்வீஸும் 2024ல அத விட்டுட்டு ஃப்ளாக்குக்கே திரும்பிடுச்சு.

லினக்ஸ்ல இருக்கறவங்களுக்கு ஈஸிஎஃபெக்ட்ஸ் இதே வேலைய செய்யும், லினக்ஸோட சவுண்டு அமைப்பான பைப்வயர் மேல ஓடுது, ஆட்டோஈக்யூ டெக்ஸ்ட்ட அதுலயும் ஏத்தலாம். மேக்ல சவுண்ட்சோர்ஸ் நல்லா இருக்கு, காசு தான், ஃப்ரீயா வேணும்னா ஈக்யூமேக். ஆண்ட்ராய்டுல வேவ்லெட்னு ஒரு ஆப், ஆட்டோஈக்யூ லிஸ்ட்ட உள்ளயே வெச்சிருக்கு, ஹெட்ஃபோன் பேர தேர்ந்தெடுத்தா போதும். ஐஃபோன்ல எல்லா ஆப்புக்கும் சேத்து இந்த மாதிரி பத்து ஃபில்டர் போடற வசதி இல்ல, ப்ளேயருக்குள்ள ஈக்யூ இருக்கற ஆப்பா பாத்து தான் எடுக்கணும்.

என் மார்க் ஈக்வலைசர் ஏபிஓக்கு பத்துக்கு ஒம்பது, அந்த ஒரு மார்க்கு அப்டேட்டுக்கு கழண்டுக்கறதுக்காக கொறச்சது. புதுசா ஹெட்ஃபோன் மாத்தணும்னு பட்ஜெட் போட்டுட்டு இருந்தீங்கன்னா, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இப்ப இருக்கறதோட பேர ஆட்டோஈக்யூல தேடி, அந்த பத்து வரிய ஒட்டி, ஒரு வாரம் உங்களுக்கு நல்லா பழகின பாட்டா போட்டு கேளுங்க. மாடல் பேர் லிஸ்ட்ல இல்லன்னா கமெண்ட்ல சொல்லுங்க, பீஸ்ல காதாலயே பீக் எங்க இருக்குன்னு தேடி பிடிச்சு கொறைக்கிறது எப்படின்னு தனியா எழுதறேன்.